ஆட்டுத் தீவுக்கு ஊசியோடு வரும் விருந்தாளிகள்

ஸ்காட்லாந்தின் அபர்தீன் துறைமுகம். செப்டம்பர் மாதக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வடக்கே ஷெட்லாந்து தீவுகளுக்குப் போகும் கப்பலில் ஏறுபவர்களில் பலருடைய தலையில் ஒரே மாதிரியான கம்பளித் தொப்பி. நிறம் மட்டும்தான் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவரையொருவர் முன்பின் பார்த்ததில்லை. ஆனால், தொப்பியைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்துவிடுகிறார்கள். பேச்சும் பின்னலும் ஒன்றாகத் தொடங்கிவிடுகிறது.

இவர்கள் எல்லோரும் 'ஷெட்லாந்து கம்பளி வார'த்துக்குப் போகிறவர்கள். 2010-ம் ஆண்டு தொடங்கப்பட்ட விழா இது. ஒவ்வோர் ஆண்டும் பின்னல் கலைஞர் ஒருவர் ஒரு தொப்பியை வடிவமைப்பார். அதன் செய்முறை சில மாதங்களுக்கு முன்பே இலவசமாக வெளியாகும். அதை வீட்டிலேயே பின்னி, அணிந்துகொண்டு வருவது வழக்கம். விழா ஒரு வாரத்துக்கு மேல் நடக்கும். முதல் சனி, ஞாயிறைப் பார்த்தாலே அதன் போக்கு புரிந்துவிடும்.

மரமில்லாத மண், பல நிற ஆடுகள்

இரவெல்லாம் 12 மணி நேரத்துக்கும் மேல் கடலில் போனால், காலையில் லெர்விக் நகரம். நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளில் மக்கள் வசிப்பவை கொஞ்சம்தான். மொத்த மக்கள்தொகை சுமார் 23,000. ஆடுகள் அதைவிடப் பல மடங்கு. கடல் காற்றும் ஆட்டு மேய்ச்சலும் சேர்ந்து மரம் வளர விடுவதில்லை. எங்கு பார்த்தாலும் புல், புதர், கற்சுவர்.

இங்கே ஆடு வளர்ப்பவர்களில் பலர் 'கிராஃப்டர்' எனப்படும் சிறு விவசாயிகள். சொந்தப் பயன்பாட்டுக்குச் சில ஏக்கர், மலைமேல் ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம். நிலச்சொந்தக்காரர் நினைத்தால் வெளியேற்றிவிடலாம் என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது. 1886-ல் வந்த சட்டம்தான் அந்தப் பயத்தைப் போக்கியது.

ஷெட்லாந்து ஆடு உருவத்தில் சிறியது. ஓர் ஆட்டில் ஒன்று, ஒன்றரை கிலோ கம்பளி கிடைத்தாலே பெரிது. ஆனால், மென்மையான கம்பளி. வெள்ளை, கறுப்பு, சாம்பல், பழுப்பு என இயற்கையாகவே பல நிறங்கள். பழுப்புக்கு 'மூரிட்', அடர் சாம்பலுக்கு 'ஷேலா' என்று ஊர்ப் பெயர்களும் உண்டு. கோடை தொடங்கும்போது பழைய கம்பளி தானாகவே தளரும். கத்தரிக்காமல் கையாலேயே உருவி எடுப்பது பழைய பழக்கம்.

தொட்டுப் பார்த்துத் தரம் பிரிக்கும் மண்டி

சனிக்கிழமை, விருந்தாளிகள் கூட்டமாகப் போகும் இடங்களில் ஒன்று, லெர்விக்கில் உள்ள 'ஜேமிசன் அண்ட் ஸ்மித்' கம்பளி மண்டி. தீவுகளில் 700-க்கும் மேற்பட்ட விவசாயிகளின் கம்பளி இங்கேதான் வந்து சேருகிறது. கம்பளியைக் கையில் எடுத்து, இழை எவ்வளவு மெல்லியது, நிறம் சுத்தமா என்று பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். கழுத்துப் பகுதிக் கம்பளிதான் மிக மென்மையானது. முன்பு உன்ஸ்ட் தீவுப் பெண்கள் அதை மெல்லிய நூலாக நூற்று, கல்யாண மோதிரத்துக்குள் நுழைத்து எடுக்கக்கூடிய சால்வைகளைப் பின்னினார்கள்.

பிரிட்டனின் பல பகுதிகளில் கத்தரிக்கும் கூலிக்குக்கூடக் கம்பளி விலை கட்டுவதில்லை. குழி தோண்டிப் புதைத்தவர்களும், எரித்தவர்களும் உண்டு. ஷெட்லாந்து கம்பளிக்கு மட்டும் ஒரு பெயர் நிலைத்திருக்கிறது. நம் ஊர்ப் பொருள்களுக்குப் புவிசார் குறியீடு கிடைப்பதுபோல, 2011-ல் இந்தத் தீவுகளின் கம்பளிக்கு ஐரோப்பிய அளவில் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது.

பின்னலுக்குக் கூலி தேயிலை

அருங்காட்சியகத்தில் பழைய ஸ்வெட்டர்களும் சால்வைகளும் இருக்கின்றன. இரண்டு நிற நூல்களை ஒரே வரிசையில் மாற்றி மாற்றிப் பின்னும் 'ஃபேர் ஐல்' முறை, இங்குள்ள ஒரு குட்டித் தீவின் பெயரைக் கொண்டது. பயன்படுத்தாத நூல் பின்பக்கமாகவே ஓடுவதால் துணி இரட்டைக் கனமாகிறது. குளிருக்கு அது அடக்கம்.

அந்த அழகுக்குப் பின்னால் ஒரு கடன் கதை உண்டு. ஆண்கள் மீன்பிடிக்கப் போய்விட, நிலத்தையும் ஆட்டையும் பார்த்துக்கொண்டவர்கள் பெண்கள். எரிப்பதற்கான மண்கட்டிகளைக் கூடையில் போட்டு முதுகில் சுமந்தபடி, நடந்துகொண்டே பின்னினார்கள். ஊசியைச் செருகிக்கொள்ள இடுப்பில் துளைகளிட்ட தோல் பெல்ட். பின்னியதை வாங்கிய கடைக்காரர்கள் பணம் தரவில்லை. தேயிலையும் துணியும்தான் தந்தார்கள். வீட்டில் மாவு இல்லாதபோது, அந்தத் தேயிலையைக் கொடுத்து அக்கம்பக்கத்தில் மாவு வாங்க வேண்டியிருந்தது. 1872-ல் அரசு விசாரணை நடந்தபோது, பின்னல் பெண்களே வந்து இதைச் சாட்சியாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது இன்றும் பதிவில் இருக்கிறது.

இன்று அந்த இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வேகமாகப் பின்னக் கற்றுக்கொள்ள, வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கட்டணம் கட்டுகிறார்கள். கற்றுத் தருபவர்களில் பலர் உள்ளூர்ப் பெண்கள். இப்போது கூலி பணமாகக் கைக்கு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை டீ

சனிக்கிழமை இரவு ஊர்க்கூடத்தில் 'மேக்கின் அண்ட் யாக்கின்'. ஷெட்லாந்துப் பேச்சுவழக்கில் 'பின்னலும் அரட்டையும்' என்று அர்த்தம். ஞாயிறு மதியம், கிராமத்துக் கூடங்களில் 'சண்டே டீ'. ஊர்ப் பெண்கள் வீட்டில் செய்த கேக்கும் சூப்பும் மேஜை நிறைய இருக்கும். வசூலாகும் பணம் ஏதாவது ஊர்க் காரியத்துக்குப் போகும். விவசாயி வீட்டுக்கே போய் ஆடுகளைப் பார்க்கும் ஏற்பாடும் விழாவில் உண்டு. நூல் வாங்குபவர், அது எந்த நிற ஆட்டின் முதுகிலிருந்து வந்தது என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.

அதே ஆடு, அதே கம்பளி. மண்டியில் எடைக்குப் போட்டால் கிலோவுக்குச் சொற்ப விலை. நூலாக, தொப்பியாக, ஒரு நாள் வகுப்பாக, ஒரு கோப்பை டீயாக மாறும்போது, வரும்படி தீவிலேயே பல வீடுகளுக்குப் பிரிகிறது. ஊர் திரும்பும் கப்பலில் ஏறுபவர்களின் பைகள் வரும்போது இருந்ததைவிடக் கனமாக இருக்கின்றன. உள்ளே சாயம் போடாத மூரிட், ஷேலா நூல்கண்டுகள்!