இழுத்த குமிழும் இழுக்காத குமிழும்

ஆர்மோனியப் பெட்டியின் முகப்பில் வரிசையாய் அமைந்திருக்கும் குமிழ்களை நாம் அறிவோம். ஒன்றை இழுத்தால் ஒலி கனக்கிறது. உள்ளே தள்ளினால் மெலிகிறது. இக்குமிழ்களுக்கு மூத்த உறவு, ஐரோப்பியப் பேராலயங்களில் உள்ள குழல் ஆர்கனின் குமிழ்கள். ‘ஸ்டாப்’ என்பது அவற்றின் பெயர். ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒரே குணமுடைய குழல்வரிசை ஒன்றை ஆளுகிறது. பழைய அமைப்பில் குழல்களின் அடியில் துளையிட்ட மரச்சட்டம் ஒன்று இருக்கும். குமிழை இழுத்தால் சட்டத்தின் துளைகள் நேர்ப்பட்டுக் காற்றுக்கு வழிவிடும். தள்ளினால் வழி அடைபடும். குமிழ் திறவாத வரிசை, விரல் எத்துணை அழுத்தினும் பேசாது.

எனவே, கட்டைகளை வாசிக்கக் கற்பவர் வேறொரு கலையையும் கற்றாக வேண்டும்: எதைத் திறப்பது, எதை எதனோடு இணைப்பது? முதற்பாடம், ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே செவிமடுப்பது. ‘8 அடி’ என்று எழுதிய வரிசை, அழுத்திய சுரத்தையே ஒலிக்கும். அதன் மிக நீண்ட குழல் ஏறத்தாழ 8 அடி நீளமுடையது. 4 அடி வரிசை ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். 16 அடி வரிசை ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். ஒரே உயரத்தில் ஒலிக்கும் பல வரிசைகளை அடுக்கினால் ஒலி தடிக்குமேயன்றித் தெளிவு பெறாது. 8 அடிப் புல்லாங்குழல் வரிசையுடன், இடைப்பட்ட 4 அடியை விடுத்து, 2 அடி வரிசையை மட்டும் சேர்த்தாலோ நீரோடை போன்ற தெளிவு பிறக்கும்.

இவற்றினும் வியப்பானது 2⅔ அடி வரிசை. ‘ச’வை அழுத்தினால் அது மேல் ஸ்தாயிப் ‘ப’வை ஒலிக்கும்! தனியே கேட்போர், கருவி பழுதுபட்டதென்றே எண்ணுவர். ஆனால் 8 அடி, 4 அடி வரிசைகளின் மேல் அதனை வைத்தால் அந்நியக் குரல் மறைந்து, முழு ஒலியும் புதுநிறம் பெறுகிறது. ஏனெனில், ஒவ்வொரு சுரத்தின் உள்ளேயும் அந்தப் பஞ்சமம் மெல்ல ஒலித்துக்கொண்டே இருப்பது இயற்கையின் நியதி. உள்ளே மறைந்திருந்ததையே அவ்வரிசை வெளிக்கொணர்கிறது.

மாமேதை பாக் இக்கலையில் ஈடற்றவர். அவர் குமிழ்களைச் சேர்த்த முறையைக் கண்டு பிற ஆர்கன் கலைஞர் முதலில் திகைத்ததாகவும், இசை எழுந்தபின் வியந்ததாகவும் அவருடைய மகன் இம்மானுவேல் 1774இல் எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார்.

அன்பர்களே, நம் பங்குகளிலும் 2⅔ அடிக் குரல்கள் உண்டல்லவா? கூட்டத்தில் எவரும் கேளாத கேள்வியைக் கேட்கும் இளைஞர், எல்லாரும் இசைந்தபின் தயங்கிக் கைதூக்கும் மூதாட்டி ஆகியோரைத் தனியே கேட்டுவிட்டு, ‘சுருதி சேராதவர்’ என்று ஒதுக்குவது எளிது. நாமோ, பழகிய நான்கு குமிழ்களையே ஆண்டுதோறும் இழுத்துக்கொண்டு, ஒலி தடிப்பதை வளர்ச்சி என்று எண்ணி மகிழ்கிறோம். கொரிந்தியருக்கு உடலையும் உறுப்புகளையும் பற்றி எழுதிய பவுலடியார், கிறிஸ்துவைத் தவிர வேறு அடித்தளம் இல்லை என்பதையும் அதே மடலில் வலியுறுத்துகிறார். அவ்வடித்தளம் ஒலிக்குமிடத்தில், தனியே கரடான குரலும் தன் இடத்தைக் கண்டுகொள்ளும். அடித்தளம் ஒலிக்காத இடத்தில் இனிய குரலும் வெறும் கீச்சொலியே.

2006ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ரேகன்ஸ்பூர்க் நகரில் ஓர் ஆர்கனை ஆசீர்வதித்த திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், குழல்களின் ஒருமைப்பாட்டில் திருச்சபையின் சாயலைக் காட்டினார். சுருதி பிறழும் குழல்களை வல்லுநர் மீண்டும் மீண்டும் இணக்குவதுபோல, திருச்சபையில் நாமும் விசுவாச ஒன்றிப்பின் வழியாக மீண்டும் மீண்டும் இணக்கத்தைக் கண்டடைய வேண்டியிருக்கிறது என்பது அவர் கருத்து.

மௌனமும் இக்கலையின் பகுதியே. இசைக்கருவிகள் மக்களின் குரலைத் தாங்க வேண்டும், மூழ்கடிக்கலாகாது. குருவானவர் தமக்குரிய செபங்களை உரத்துச் சொல்லும்போது அவை அடங்க வேண்டும் என்று 1967இல் உரோமை வெளியிட்ட திரு இசை பற்றிய அறிவுரை கூறுகிறது. உள்ளே தள்ளப்பட்ட குமிழ் தள்ளுபடியானதன்று. தன் வேளைக்குக் காத்திருக்கிறது.

நம்மை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதை அறிந்தவர் ஒருவர் உளர். அவர் கை நம்மை இழுக்கையில் தயங்காதிருப்போம், தள்ளுகையில் முணுமுணுக்காதிருப்போம். நம் அருகே இன்னும் எவரும் இழுத்துப் பாராத குமிழ் எது என்று, இம்மாதம் ஒருமுறையேனும் தேடிப் பார்ப்போம்.