ஏடும் சுவரும்

முல்லைப் பெரியாற்று நீரால் செழித்த கம்பம் பள்ளத்தாக்கிலே, கிறித்துவ நண்பர் ஒருவரின் இல்லம் சென்றிருந்தோம். சுவரிலே, சட்டமிட்ட புத்தாண்டு வாக்குத்தத்த வசனம். திண்ணையிலே, விவிலிய வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கும் மூதாட்டி. கல்வி மறுக்கப்பட்ட மக்களின் கைக்கு ஏடு வந்தது எளிய நிகழ்ச்சியன்று. 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார் சீகன்பால்கு. அதைப் பாராட்ட நாம் தயங்கோம்.

ஆனால், நண்பர் தம் மகளுக்கு மணமகன் தேடுகிறார், சொந்தச் சாதியில்! "இனத்தாலும் அடிமைத்தளையாலும் மாந்தரிடையே வேற்றுமையில்லை என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதினாரே?" என்றோம். "அது ஆன்மாவுக்குச் சொன்னது" என்றார். ஆசீர்வாதம் இல்லத்துக்கு, சமத்துவம் வானுலகுக்கு!

இந்த வியாக்கியானம் புதிதன்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயத்துக்குள்ளேயே சாதிகளைப் பிரிக்கச் சுவர் நின்றது, 1910இல்தான் இடித்தனர். அமெரிக்காவிலே அடிமை வைத்திருந்தோர், நோவாவின் சாபத்தைச் சான்று காட்டினர். அடிமைகளோ, அதே ஏட்டில் எகிப்தை விட்டு வெளியேறிய மக்களின் கதையைக் கண்டு விடுதலை வேட்கை கொண்டனர். ஏடு ஒன்றுதான், நீதி வழங்கியது எது? படித்தவர் நெஞ்சமன்றோ!

ஆகவேதான் எந்த ஏட்டையும், நம் தலைவர்களின் ஏட்டையுந்தான், பகுத்தறிவெனும் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறோம்.

நாம் விடைபெறும் வேளையில், அதுவரை வாய் திறவாதிருந்த மகள் எழுந்து, பாட்டியிடமிருந்து நூலை வாங்கினாள். கலாத்தியர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை, தந்தையின் செவியில் விழும்படி, உரக்கப் படிக்கத் தொடங்கினாள். தோழர்களே, சுவர் இடிவது இப்படித்தான்!