பள்ளியின் பின்புறத்தில் ஒரு மருந்தறை

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. குத்பா முடிந்து தொழுகைக்கு அணிவகுத்து நின்றோம். எனக்கு முன் வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் வேரற்ற மரம்போல் சாய்ந்தார். விசிறினோம், முகத்தில் நீர் தெளித்தோம், 108-ஐ அழைத்தோம். ஊர்தி தாமதிக்காமல்தான் வந்தது. ஆயினும் அதற்குள் அவர் ஆவி பிரிந்திருந்தது. நூற்றுக்கணக்கானோர் சூழ நின்றோம்; அவர் நெஞ்சை முறையாக அழுத்த அறிந்தவர் எங்களுள் ஒருவரும் இலர்.

இதயம் தாளம் கெட்டு நின்றுபோனால், மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறையும் என்று மருத்துவர் ஒருவர் பின்னர் விளக்கினார். அதைக் கேட்டதும் என் உள்ளத்தில் பழைய நிகழ்ச்சியொன்று முள்ளாய்த் தைத்தது.

ஈராண்டுகளுக்கு முன் ஜமாஅத் கூட்டத்தில், வெளிநாட்டு மருத்துவமனையில் பணிபுரியும் நம்மூர் இளைஞர் ஒருவர் எழுந்தார். சேர்ந்திருந்த நன்கொடையில் மின்னதிர்ச்சிக் கருவி ஒன்று வாங்கி, வாலிபர் சிலருக்குப் பயிற்சி அளிக்கலாம் என்றார். மற்றவர்கள் சரவிளக்கு வேண்டுமென்றனர். முத்தவல்லி என்னை நோக்கி, “ஹஜ்ரத் என்ன சொல்கிறீர்கள்?” என்றார். அது பொது நன்கொடை; வாகிஃபின் நிபந்தனை எதுவும் அதனைக் கட்டுப்படுத்தவில்லை. எனினும், “இறையில்லத்தை அழகு செய்வதும் நன்மைதானே!” என்றேன். இளைஞர் அமர்ந்துவிட்டார்.

வரலாறு அறியாதவன் அப்படிச் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். நானோ மக்ரீஸியின் ‘கிதத்’ நூலைப் படித்தவன். எகிப்தை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன் ஹிஜ்ரி 265-ல் (கி.பி. 879) கட்டி முடித்த பள்ளிவாசல் கெய்ரோவில் இன்றும் நிற்கிறது. அதன் பின்புறத்தில் மருந்தறை ஒன்று அமைத்து, தொழ வந்தோருக்குத் திடீரென ஏதேனும் நேர்ந்தால் உதவ, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மருத்துவரை அவர் அமர்த்தியிருந்தார் என்று மக்ரீஸி எழுதுகிறார். அவர் நிறுவிய மருத்துவமனைக்கோ கட்டடங்களின் வருவாயை வக்ஃபு செய்திருந்தார். நோய் வந்தபின் நிதி திரட்டுவதன்று, வருமுன்பே ஒதுக்குவதே அறம் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அதே எண்ணம் நம் காலத்தில் பெல்ஃபாஸ்ட் நகரில் வேறுருவில் தோன்றியது. 1965-ல் டாக்டர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், எடுத்துச் செல்லத்தக்க மின்னதிர்ச்சிக் கருவியை உருவாக்கினார். அதன் எடை 70 கிலோ! 1966 முதல் ஆம்புலன்சில் மருத்துவமே நோயாளியைத் தேடிச் சென்றது. சில ஆண்டுகளில் எடை 3 கிலோவாகக் குறைந்தது. இன்றைய தானியங்கிக் கருவியோ இதயத் துடிப்பைத் தானே ஆராய்ந்து, செய்ய வேண்டியதைக் குரலால் சொல்கிறது. மருத்துவம் படியாதவரும் கையாளலாம். அறிவு மட்டுமே இவற்றைப் படைத்துவிடவில்லை. அதை நம்பிப் பொருள் கொடுத்தோரும் வேண்டியிருந்தது.

அக்கருவி அன்றே இருந்திருந்தால் பெரியவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அது இறைவன் அறிந்தது. நம் கையில் இருந்த முயற்சியை நாம் செய்யவில்லை. அதற்கு நான் துணைநின்றேன் என்பதே என் வருத்தம்.

இப்போது கருவிக்கென நிதி திரட்டுகிறோம். என் ஒரு மாத ஊதியத்தை முதலில் வைத்தேன். அன்பர்களே! உங்கள் மஹல்லாவிலும் ஓர் இளைஞர் இவ்வாறு எழக்கூடும். அவரை அமரச் சொல்லிவிடாதீர்கள்.