மூன்றிடத்துப் பிரதி

மனிதன் தன் நினைவைத் தனக்குப் புறத்தே எழுதிவைக்கக் கற்ற நாள்முதல், அந்த எழுத்தை எவ்வாறு காப்பது என்னும் கவலையும் அவனைத் தொடர்ந்து வந்துள்ளது. தமிழர் ஓலையில் எழுதினர். ஓலையோ ஈரத்துக்கும் செல்லுக்கும் இரையாவது. ஆதலின் தலைமுறைதோறும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிற் படியெடுத்து வைத்தனர். படியெடுக்கும் கை ஓய்ந்த இடத்தில் நூலும் அழிந்தது. 1887ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினர். ஓர் ஏட்டிற் சிதைந்திருந்த அடியை வேறோர் ஊரின் ஏட்டிற் கண்டு நிரப்ப இயன்றது, படிகள் பல இடங்களிற் சிதறிக் கிடந்தமையாலேயாகும். இதற்கு மறுதலையான பாடத்தை 1981ஆம் ஆண்டு கற்பித்தது. அவ்வாண்டு மே 31ஆம் நாள் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. வேறிடத்திற் படி இருந்த நூல்களைப் பின்னர் தேடி அடுக்க முடிந்தது. தனிப்படியாய் இருந்தவை மீளவேயில்லை.

மலையகத் தமிழருக்கு இவ்வுண்மை நூலகத்தின் வழியாக அன்றிக் காகிதத் துண்டுகளின் வழியாக வந்து சேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், மணமானவராயின் ஏழாண்டும் மணமாகாதவராயின் பத்தாண்டும் தாம் இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்தமையை எழுத்தில் நிறுவ வேண்டியிருந்தது. தோட்டத்திற் பிறந்து தோட்டத்திலேயே முதுமையுற்ற ஒருவர், தாம் அங்கு இருந்ததற்குச் சான்று தேடி அலைந்த காலம் அது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிற் செய்துகொள்ளப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஒரு பத்திரம் பெட்டியில் இருப்பதும் இல்லாததும் ஒரு குடும்பம் எந்த நாட்டில் வாழும் என்பதைத் தீர்மானித்தது.

அட்டன் நகருக்கு அணித்தான ஒரு தோட்டத்தில், லயத்தின் கோடிக் காம்பராவில் வாழும் மூதாட்டி ஒருவரின் ட்ரங்குப் பெட்டிக்குள் பழைய பிஸ்கட் தகரம் ஒன்று இருக்கிறது. காலஞ்சென்ற கணவரின் பிரஜாவுரிமைப் பத்திரம் அதனுள்ளே மெழுகுத்தாளிற் சுற்றப்பட்டுள்ளது. சமாதான நீதவான் ஒப்பமிட்ட அதன் பிரதி தலவாக்கலையில் அவருடைய தம்பி வீட்டில் இருக்கிறது. பத்திரத்தின் இலக்கமும் திகதியும் சுவரில் மாட்டிய முருகன் படத்தின் பின்புற அட்டையில் எழுதப்பட்டுள்ளன. 1977இலும் 1983இலும் லயங்கள் எரிந்த செய்தி கேட்டவர் அவர். ஒன்று போனாலும் மற்றொன்று நிற்க வேண்டும் என்று அவருக்கு எவரும் கற்பிக்கத் தேவை இருக்கவில்லை.

அவருடைய பேரனோ பேராதனையிற் கலைப்பீடத்து மாணவன். ஒப்பாரியும் தாலாட்டும் காமன்கூத்துப் பாட்டும் அம்மாயியின் நாவில் இன்னும் உள்ளன என்பதை விடுமுறை ஒன்றில் உணர்ந்து, அவற்றைத் தன் கைப்பேசியிற் பதியத் தொடங்கினான். வட்டகொடை மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஒரு காலத்தில் மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தமை அவனுக்கு முன்மாதிரியாயிற்று. அரும்பாடுபட்டு வாங்கிய பழைய மேசைக் கணினி ஒன்றில் அப்பதிவுகள் ஒழுங்காகச் சேர்ந்தன.

கணினிக்குக் காப்புப் பிரதி வேண்டும் என்பதை அவன் அறியாதவன் அல்லன். விண்டோஸ் உடனேயே வரும் பைல் ஹிஸ்டரி என்னும் வசதியை இயக்கி, புறவன்தட்டு ஒன்றை இணைத்தான். அவ்வசதி தானாகப் படியெடுப்பது ஆவணம், படம், இசை முதலிய சில கோப்புறைகளை மட்டுமே. அதனை அறிந்து தன் பதிவுகளையும் அவ்வட்டத்துள் நகர்த்திவைத்தான். மணிக்கு ஒருமுறை பிரதி எடுக்கப்படும் என்று திரையிற் கண்டபோது, தன் கடமை முடிந்தது எனக் கருதினான். செப்டெம்பர்த் தொடக்கத்தில் மட்டும் நண்பன் ஒருவனின் விடுதி அறையில் இன்னொரு தட்டில் ஒரு பிரதியை வைத்துவந்தான். அடுத்த பிரதியைத் தவணை தொடங்கிய பின் எடுக்கலாம் என்பது அவன் எண்ணம்.

ஒக்டோபர் மாதத்து இடைப்பருவ மழையில், பிற்பகல்தோறும் இடியும் மின்னலும் மலையகத்துக்கு வழமை. அத்தகையதொரு பிற்பகலில் மின்கம்பி வழியே வந்த அதிர்ச்சி கணினியையும் அதனோடு பிணைந்திருந்த புறவன்தட்டையும் ஒருங்கே கருக்கிற்று. மணிக்கொருமுறை எடுத்த பிரதி, மூலத்தோடு ஒரே மின்செருகியில் தொங்கிக்கொண்டிருந்தது. தரவு மீட்போர் கேட்ட தொகை அக்குடும்பத்தின் பல மாத வருமானமாகும்; மீளும் என்ற உறுதியும் அவர்கள் தரவில்லை. முப்பது மணித்தியாலப் பதிவுகளில், நண்பனின் அறையில் எஞ்சியவை பத்தொன்பது.

மீண்டும் பாடும்படி அம்மாயியை வேண்டினான். தாலாட்டுக்களை அவர் தயக்கமின்றிப் பாடினார். தம் தாய் இறந்தபோது தாமே கட்டிய ஒப்பாரி மாத்திரம் வரவில்லை. இரண்டு அடிகளோடு நின்றுவிட்டார்.

“அன்னைக்கி வந்துச்சு சாமி. இன்னைக்கி கூப்புட்டா வருமா?” என்றார்.

பின்பு, “ஏய்யா, ரெண்டையும் ஒரே எடத்துலயா வச்சிருந்த?” என்று கேட்டார். அவனிடம் விடை இருக்கவில்லை.

அந்த வினாவே அவனைக் காப்புப் பிரதி பற்றி முறையாகச் சிந்திக்கத் தூண்டிற்று. எந்த மென்பொருள் சிறந்தது என்பதே பலரும் முதலிற் கேட்பது. அதற்கு முன் கேட்க வேண்டியது வேறொன்று உண்டு: எவ்வளவை இழப்பதற்கு ஒருவர் ஆயத்தமாக இருக்கிறார்? இரு பிரதிகளுக்கிடையே கழியும் காலமே இழக்கக்கூடியதன் அளவாகும். விரிவுரைக் குறிப்பு ஒரு மாதத்தது போயினும் சகமாணவரிடம் இரந்து பெறலாம். எழுதிய கட்டுரையை வருத்தத்தோடேனும் மறுபடி எழுதலாம். எண்பது வயதைக் கடந்த ஒருவரின் குரல் அத்தகையதன்று. அதற்குரிய கால அட்டவணையை, அப்பொருள் மறுபடி கிடைக்குமா என்பதை வைத்தே வகுத்தல் வேண்டும். கணினி தானாகத் தரும் அட்டவணைக்கு இந்த வேறுபாடு தெரியாது. பாடல் பதிந்த அன்றே அதன் படி வேறிடம் செல்ல வேண்டும் என்பதே அவன் கண்ட முதல் முடிவு.

அடுத்தது இடம் பற்றியது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீற்றர் குரோக் தம் நூலொன்றிற் பரப்பிய விதி இன்று கணினித் துறையிற் பெருவழக்காயுள்ளது. பிரதிகள் மூன்று இருத்தல் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் அமைதல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். இதனைப் படித்தபோது மாணவனுக்கு முருகன் படத்தின் பின்புற அட்டை நினைவுக்கு வந்தது. மலையகத்தில் ‘வேறிடம்’ என்பது அடுத்த காம்பராவைக் குறிக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையிற் சரிந்த மண் லயங்களை முழுமையாக மூடிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களிற் பல சரிவுகள் நேர்ந்தன. ஒரு மலைச்சரிவில் இருப்பவை எத்தனை பிரதிகளாயினும் ஒன்றாகவே எண்ணத்தக்கன.

மென்பொருளைத் தெரிவதில் அவன் மூன்று வேறுபாடுகளைக் கண்டான். முதலாவது, ஒத்திசைத்தல் வேறு, காப்புப் பிரதி வேறு. இணையச் சேமிப்பகத்தோடு கோப்புறையை வெறுமனே ஒத்திசைத்தால், இங்கே தவறுதலாக அழித்தது அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் அது தங்குவது சில காலமே. பழைய வடிவங்களைத் திகதிவாரியாகப் பேணுவதே காப்புப் பிரதி. இரண்டாவது, ஒவ்வொரு முறையும் முழுவதையும் படியெடுப்பதா, மாறியதை மட்டும் எடுப்பதா என்பது. 1996இல் அன்ட்ரூ டிரிஜலும் போல் மக்கராசும் வெளியிட்ட ஆர்சிங் என்னும் நிரல் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் வழியைக் காட்டிற்று. மூன்றாவது, எப்போதும் இணைந்திருக்கும் பிரதியால் வரும் ஆபத்து. 2017 மே மாதத்தில் வன்னக்கிரை என்னும் தீநிரல் உலகெங்கும் கணினிக் கோப்புக்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அத்தகைய நிரல்கள் இணைந்திருக்கும் தட்டுக்களையும் விட்டுவைப்பதில்லை. கழற்றி வைத்த தட்டினை மின்னலும் தீநிரலும் அணுகா.

மணித்தியாலம் ஒன்றுக்குரிய சுருக்கப்படாத ஒலிப்பதிவு ஏறத்தாழ 635 மெகாபைற்று. முப்பது மணித்தியாலம் 19 கிகாபைற்றை எட்டும். விநாடிக்கு 2 மெகாபிற்று வேகத்தில் ஏற்றினால் அதற்கு ஏறத்தாழ 21 மணித்தியாலம் செல்லும். மலையகத்து இணைய இணைப்பிற் பகலில் இதனைச் செய்ய எண்ணுதல் பேதைமை. முதன்முறை முழுவதையும் சில இரவுகளிற் பகிர்ந்து ஏற்றிவிட்டால், பின்னர் வாரத்தில் இரு மணித்தியாலப் புதுப்பதிவை ஒன்றரை மணித்தியாலத்துள் அனுப்பலாம். ஆகவே, கட்டணமின்றிக் கிடைப்பதும் மாறியதை மட்டும் அனுப்புவதும் மறைகுறியிட்டுப் பூட்டுவதுமான டூப்ளிகாற்றி என்னும் மென்பொருளைத் தெரிந்தான். பழுதுபார்த்த கணினியில், பதிவு நாட்களின் நள்ளிரவுக்குப் பின் அது இயங்குமாறு நேரம் குறித்தான். ஞாயிறுதோறும் புறவன்தட்டை இணைத்துப் படியெடுத்தபின் கழற்றிவிடுவது வழக்கமாயிற்று. மாதம் ஒருமுறை மற்றொரு தட்டு பேராதனைக்குச் செல்லும். மறைகுறியின் கடவுச்சொல் மறந்தால் இணையத்திலுள்ள பிரதி திறவாது. அதனைக் காகிதத்தில் எழுதி அம்மாயியிடம் கொடுத்தான். அவர் அதனை வாசிக்கவில்லை. மெழுகுத்தாளிற் சுற்றிப் பிஸ்கட் தகரத்துள் வைத்தார்.

எடுத்த பிரதி திறக்குமா என்பதைத் திறந்து பார்த்தே அறிதல் வேண்டும். 2017 ஜனவரி 31ஆம் நாள் கிட்லாப் என்னும் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தவறுதலாகத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அந்நிறுவனம் கொண்டிருந்த ஐந்து காப்பு வழிகளுள் ஒன்றேனும் நம்பத்தக்கதாய் இயங்கவில்லை. ஆறு மணித்தியாலத்துக்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்துவைத்த பிரதியே கைகொடுத்தது. பெருநிறுவனத்தின் நிலை இதுவாயின், லயத்துக் கணினி எம்மாத்திரம்?

இதன்பொருட்டு, வீட்டுக்கு வரும் ஒவ்வொரு மாதமும் அவன் காப்புப் பிரதியிலிருந்து ஏதேனுமொரு பாடலை மீட்டெடுத்து இஸ்தோப்பில் ஒலிக்கவிடுகிறான். அம்மாயி தம் குரலைத் தாமே கேட்கிறார். அண்டைக் காம்பராப் பெண்களும் வந்து அமர்கின்றனர். சிலவேளை, “அந்த அடி அப்புடி இல்ல” என்று திருத்திப் பாடுவார், அதுவும் பதிவாகும். மறந்துபோன ஒப்பாரியின் மூன்றாம் அடி ஒருநாள் பக்கத்து வீட்டு மூதாட்டியின் வாயிலிருந்து வந்தது. அதனை அவர் எப்போதோ, எங்கோ ஒரு சாவு வீட்டில், உடனிருந்து கேட்டிருக்கிறார்.

2005ஆம் ஆண்டுமுதல் இயங்கிவரும் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்திற் சேர்த்து வருகிறது. மலையகத்து வீடுகளின் பெட்டிகளிலும் நாவுகளிலும் உள்ளவற்றை அத்தகைய இடங்களிற் சேர்ப்பது பல்கலைக்கழக மாணவரின் கடனாகும். அதற்கு முற்பட, தத்தம் கணினியில் உள்ளது வேறெங்கு உள்ளது என்பதை ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் தகும். ஒப்பாரியின் எஞ்சிய அடிகள் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்த மூன்றும் இப்போது மூன்றிடத்தில் உள்ளன.