காணாதவரின் சாட்சியம்

எங்கள் ஊர் கீழைக் கடற்கரையில் உள்ளது. எங்களுக்குக் கதிரவன் கடலில் எழுந்து தென்னந்தோப்புகளின் பின்னே மறைகிறான். ஆகவே பிறை பார்க்க வேண்டுமானால் கடலுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், ரமலான் 29 அன்று மாலை, ஊரே பள்ளிவாசல் முற்றத்தில் அவ்வாறு நின்றது. மேற்கே தோப்புக்கு மேல் மெல்லிய மேகம். பிறை தென்படவில்லை. இஷாவுக்கு முன், கடலிலிருந்து கரையேறிய ஒரு பெரியவர் நனைந்த கைலியோடு வந்து, "பிறை கண்டேன்" என்றார். ஷவ்வால் பிறைக்கு இருவர் சாட்சி வேண்டும், அவரோ ஒருவர். ஏற்க இயலாது என்று சொல்வது சட்டப்படி சரியே. மதரஸாவில் ஸனது பெற்று வந்து இரண்டாண்டும் நிரம்பாத நான் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. "இத்தனை பேர் கண்ணுக்குத் தெரியாதது உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிந்ததாக்கும்? பிறை இல்லை, பெரியவரே, உங்கள் பார்வைதான் மங்கிவிட்டது" என்றேன். சிலர் சிரித்தனர். பெரியவர் ஒன்றும் பேசாமல் வெளியேறினார். அன்றிரவு பிறை கண்டு வேறு சில ஊர்களில் பெருநாள் கொண்டாடப்பட்டது என்னும் செய்தி மறுநாள் நண்பகலில்தான் எங்களை எட்டியது. அதன் பின்னர் அவர் பிறை பற்றி எவரிடமும் வாய் திறந்ததில்லை.

வானியலார் 2017-ஆம் ஆண்டில் நடத்திய ஒரு விசாரணையைப் பற்றி அண்மையில் படித்தபோது, மறந்திருந்த அந்த மாலை மீண்டும் என் முன்னே வந்து நின்றது.

விண்ணில் நிகழும் ஒன்றை ஒளியைக் கொண்டு மட்டும் அறியாமல், ஈர்ப்பலை, நியூட்ரினோ போன்ற வேறு வகைச் செய்திகளையும் சேர்த்து அறியும் முறைக்குப் 'பல்தூதர் வானியல்' என்று தமிழில் பெயரிடுகின்றனர். தூதர் என்ற சொல் நம் இல்லங்களில் வேறோர் உயர்ந்த பொருளில் வழங்குவதால் 'பல்தூது' என்று எழுதுவதே எனக்குப் பிடித்திருக்கிறது. சொல் எதுவாயினும் முறை நமக்குப் புதிதன்று. ஒரு செய்தி வந்தால், சொன்னவர் யார், அவர் அப்போது எங்கே இருந்தார், அதே செய்தி வேறு வழியாகவும் வந்ததா என்று கேட்கத்தானே நம் உஸ்தாதுமார்கள் பயிற்றுவித்தார்கள்?

2017 ஆகஸ்ட் 17. இந்திய நேரப்படி மாலை 6 மணி 11 நிமிடம். நகரமொன்றின் அளவே உடையவையாயினும் ஒவ்வொன்றும் நம் சூரியனைவிட எடை மிகுந்த இரு நியூட்ரான் விண்மீன்கள், ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி மோதிய செய்தி அன்று பூமியை வந்தடைந்தது. மோதல் நிகழ்ந்ததோ ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு! அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் உள்ள லைகோ நிலையம் அந்த ஈர்ப்பலையை ஒரு நிமிடத்திற்கும் மேலாக உணர்ந்தது. லிவிங்ஸ்டனில் உள்ள அதன் இணை நிலையமும் உணர்ந்தது. ஆனால் அலை முடியும் தறுவாயில் கருவியில் ஓர் இரைச்சல் புகுந்தது. சாட்சி வாக்குமூலம் கொடுக்கும்போது இருமிவிட்டதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறி அந்தச் சாட்சியைத் தள்ளிவிட்டது. மனிதர்கள்தாம் இரைச்சலை நீக்கிப் பார்த்து அதை மீட்டனர். ஈர்ப்பலை முடிந்த 1.7 விநாடியில் ஃபெர்மி விண்கலம் காமாக் கதிர்களின் ஒரு சிறு வெடிப்பைக் கண்டது. இன்டெக்ரல் என்னும் மற்றொரு விண்கலமும் அதைப் பதிவு செய்திருந்தது. 13 கோடி ஆண்டுப் பயணத்தில் இரண்டு தூதுகளுக்கிடையே 1.7 விநாடி இடைவெளி! ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே வேகத்தில் செல்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

எந்தத் திசையிலிருந்து வந்தது? இங்கேதான் என்னைத் தலைகுனிய வைத்த செய்தி வருகிறது. இத்தாலியில் விர்கோ என்னும் மூன்றாவது நிலையம் இருக்கிறது. அந்த மாதம் முதல் தேதிதான் அது லைகோவோடு சேர்ந்து பணியைத் தொடங்கியிருந்தது. அதில் இந்த அலை ஏறத்தாழத் தெரியவே இல்லை. விர்கோ காணாததால் அலை இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. கருவி நன்றாக வேலை செய்கிறது; அப்படியிருந்தும் அதற்குத் தெரியவில்லை; ஆகவே, அந்தக் கருவிக்குப் பார்வை மழுங்கும் திசை எதுவோ அத்திசையிலிருந்துதான் அலை வந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டனர். தேட வேண்டிய வானம் 28 சதுரப் பாகைக்குச் சுருங்கியது. இந்தியாவின் அஸ்ட்ரோசாட் விண்கலமும் அன்று ஒன்றையும் காணவில்லை. அப்போது அதற்கும் அத்திசைக்கும் நடுவே பூமி நின்றிருந்தது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொண்டனர். காணாதவரை அவர்கள் முதலில் கேட்ட கேள்வி: "நீர் எங்கே நின்றிருந்தீர்?"

பதினொரு மணி நேரத்திற்குள், சிலி நாட்டு லாஸ் கம்பானாஸ் மலையிலுள்ள ஸ்வோப் என்னும் சிறிய தொலைநோக்கி, என்.ஜி.சி. 4993 என்ற விண்மீன் கூட்டத்தின் ஓரத்தில் புதிய ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தது. நீலமாய்த் தொடங்கிச் சில நாட்களில் சிவந்து மங்கிய அந்த ஒளியிலிருந்து, தங்கம் போன்ற கன உலோகங்கள் இத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பது தெளிந்தது. பெண்மக்கள் கழுத்தில் கிடப்பதில் ஒரு பங்கேனும் இப்படிப் பிறந்திருக்கலாம்.

எக்ஸ் கதிர்களோ வரவில்லை. காற்றுமண்டலம் அவற்றை விழுங்கிவிடுவதால் விண்ணிலிருந்துதான் அவற்றைப் பார்க்க முடியும். ஸ்விஃப்ட் விண்கலம் பார்த்தது. புற ஊதா ஒளி இருந்தது, எக்ஸ் கதிர் இல்லை. நூஸ்டார் பார்த்தது, இல்லை. எல்லாரிலும் கூரிய பார்வையுடைய சந்திரா இரண்டாம் நாள் பார்த்தது; அதற்கும் தென்படவில்லை. 1999-இல் ஏவப்பட்ட இத்தொலைநோக்கிக்கு, லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைச் சுருக்கி இட்டிருக்கிறார்கள். பிறையைப் பற்றி எழுத வந்தவனுக்கு நிலவின் பெயருடைய சாட்சி கிடைத்தது தற்செயல்தான்.

இரண்டாம் நாளில் அவர்கள் எழுதியது, "இன்ன அளவுக்குக் குறையாத ஒளி இருந்திருந்தால் நாங்கள் கண்டிருப்போம், காணவில்லை" என்னும் அளவே. "எக்ஸ் கதிர் இல்லை" என்று தீர்ப்பெழுதிக் கோப்பை மூடவில்லை. ஒன்பதாம் நாள் சந்திராவை மறுபடியும் அத்திசைக்குத் திருப்பி, பல மணி நேரம் காத்திருந்தனர். விரல்விட்டு எண்ணத்தக்க சில ஒளித்துகள்கள் வந்து விழுந்தன. பதினாறாம் நாள் ரேடியோ அலையும் வந்தது. பிறகு சூரியன் அத்திசையை நெருங்கிவிட்டதால் டிசம்பர் வரை சந்திராவால் பார்க்க இயலவில்லை. மீண்டும் பார்த்தபோது அந்தப் புள்ளி முன்னிலும் பிரகாசமாக இருந்தது!

காரணம் இதுதான். மோதலிலிருந்து கிளம்பிய பீறல், ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில், நம்மை நோக்காமல் சற்று விலகிய திசையில் பாய்ந்திருக்கிறது. கலங்கரை விளக்கின் கற்றை நம் தோணியின் மேல் விழாமல் பக்கத்தில் செல்வது போல. அது சுற்றியிருந்த பொருளில் மோதி வேகம் தளரத் தளர, கற்றை அகன்றது. அதன் ஓரம் நாட்கள் கழித்து நம்மைத் தொட்டது. முதலிரண்டு நாட்கள் சந்திராவின் கண்ணில் குறையில்லை. நாம் நிற்கும் இடம் அப்படி. ஆயிரம் நாட்கள் கழிந்த பின்னும் அவ்விடத்தைப் பார்த்து, மங்கிக்கொண்டே வரும் எக்ஸ் கதிரைக் குறித்து வைத்தனர்.

படித்து முடித்த அன்று மாலை கடற்கரைக்குப் போனேன். பெரியவர் காலமாகிப் பல்லாண்டுகள் ஆகின்றன. அவருடைய மகன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியவர். முப்பது ஆண்டு தாமதமாக அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டேன்: அன்று உங்கள் வாப்பா எங்கே இருந்து பிறை பார்த்தார்?

"கடல்லே இருந்துதான், ஆலிம்சா. ரொம்ப தூரம் போயிருந்தோம். அங்கேருந்து பார்த்தா தோப்பு ஒரு கோடு மாதிரிதான் தெரியும். அதுக்கு மேலே, மேகத்துக்குக் கீழே, சன்னமா இருந்துச்சு."

"போயிருந்தோம்" என்ற சொல் என்னைச் சுட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நானும் தோணியிலே இருந்தேன். எனக்கு அப்போ பதினோரு வயசு. முதல்லே பார்த்து வாப்பாவுக்குக் காட்டினதே நான்தான். பள்ளிக்கும் கூடத்தான் வந்தேன், வாசல்லே நின்னுக்கிட்டிருந்தேன்."

சிறுவனின் சாட்சி சட்டத்தில் செல்லாது; அது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் பாயின் ஓரத்தை நகர்த்தி இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன்.