கரையேறிய பாட்டு

கடலூர் வண்டிப்பாளையத்தை ஒட்டிய கரையேறவிட்ட குப்பத்தில் சித்திரைதோறும் அப்பர் கரையேறிய விழா நடக்கிறது. சமணம் துறந்தமைக்காகப் பல்லவ மன்னன் அவரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் எறிந்தான், கல்லே தெப்பமாயிற்று என்கிறது பெரிய புராணம். சிறுவயதில் நாங்கள் அவ்விழாவுக்குப் போனது சுண்டலுக்காக.

அந்த அப்பரின் தேவாரத்தைச் சிதம்பரம் சிற்றம்பல மேடையில் நின்று பாடுவதற்குக் குமுடிமூலைச் சிவனடியார் ஆறுமுகசாமி பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2000இல் முயன்றபோது தாக்கப்பட்டதாகப் புகார் அளித்தார். மனித உரிமைப் பாதுகாப்பு மையத்து வழக்கறிஞர்கள் துணை நின்றனர். 2008 பிப்ரவரி 29 அன்று அரசாணை பிறந்தது. மார்ச் 2 அன்று, தீட்சிதர்களின் எதிர்ப்புக்கிடையே, காவல்துறைப் பாதுகாப்புடன் அம்முதியவர் மேடையேறிப் பாடினார்.

நாங்கள் சிலர் அன்று கீழவீதியில் நின்றிருந்தோம். எங்களை அழைத்து வந்தது பக்தி அல்ல, உரிமை என்னும் சொல். கடலூர் திரும்பும் பேருந்தில் நண்பரொருவர், "எந்தப் பதிகம் பாடியிருப்பார்?" என்றார். எவருக்கும் தேவாரத்தில் ஒரு பாடல்கூட முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை. (இலக்கியம் பேசியே பொழுது போக்குகிறவர்கள் நாங்கள்!)

அவ்வாண்டுச் சித்திரையில் குப்பத்துக்குப் போனோம். ஓதுவார் பாடி முடிக்கும்வரை எழவில்லை. சுண்டல் தீர்ந்துபோயிருந்தது.