நூறு சதவீதம் முடித்தாயிற்று

போன வாரம் வீட்டில் ஒரு சின்ன யுத்தம். பையன் ஏதோ ஆன்லைன் வகுப்பை மொபைலில் ஓடவிட்டுவிட்டு டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். என்னடா இது என்று கேட்டால், "அது தானா முடிஞ்சிடும்ப்பா. கடைசியில 'கம்ப்ளீட்டட்'னு வந்தா போதும்" என்கிறான். தங்கமணி பிடித்து உலுக்கிவிட்டார். நடுவில் என்னைப் பார்த்து, "ஏங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று ஒரு கேள்வி.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்பதுதான் இந்தக் கதை.

புவனேஸ்வருக்கு மாற்றலாகி வந்து சில வருஷங்கள் ஆகின்றன. அரசு வங்கி, வட்டார அலுவலகம். 2022-ல் என் மேஜைக்கு வந்து சேர்ந்த வேலை பயிற்சி. எங்கள் ஊழியர்களுக்கு மட்டும் என்றால் பிரச்சினை இல்லை, அவர்களுக்குப் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது, ஹாஸ்டல் இருக்கிறது, மதியம் பாயசம் கூட உண்டு. என் தலையில் விழுந்தது பி.சி.க்களின் பயிற்சி.

பி.சி. என்றால் பிசினஸ் கரஸ்பாண்டென்ட். கிராமத்தில் மளிகைக்கடை ஓரமாக ஒரு சின்ன மெஷினை வைத்துக்கொண்டு, கைரேகை வாங்கி, பணம் கொடுக்கிறாரே, அவர். 2006 ஜனவரியில் ரிசர்வ் வங்கி இதற்கு அனுமதி கொடுத்தது. 2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் வந்த பிறகு இவர்கள் இல்லாமல் கிராமத்தில் வங்கி இல்லை என்று ஆகிவிட்டது. ஜன்தன் கணக்குகள் 2023-ல் ஐம்பது கோடியைத் தாண்டின. அத்தனைக்கும் கிளை திறக்க முடியுமா?

சிக்கல் எங்கே என்றால், பி.சி. எங்கள் ஊழியர் இல்லை. நடுவில் ஒரு கம்பெனி, அந்தக் கம்பெனிக்கு ஒப்பந்தம், இவருக்குக் கமிஷன். எங்கள் ஊழியர் எண் கிடையாது, அலுவலக மெயில் கிடையாது. ஆனால் கிராமத்துக்காரருக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா? அவரைப் பொறுத்தவரை அந்தப் பையன்தான் பேங்கு.

இவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தலைமையகம் ஒரு எல்.எம்.எஸ். வைத்திருந்தது. லேர்னிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம். பாடத்தை ஏற்றி வைப்பது, யார் படித்தார் என்று கணக்கு வைப்பது, தேர்வு நடத்துவது, சான்றிதழ் கொடுப்பது எல்லாம் அதன் வேலை. ஊழியர்களுக்காக வாங்கியதை அப்படியே பி.சி.க்களுக்கும் நீட்டிவிட்டார்கள். அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரி.

மாதாமாதம் ஒரு அறிக்கை வரும். எங்கள் வட்டாரம் 100 சதவீதம். நான் கையெழுத்துப் போட்டு மும்பைக்கு அனுப்புவேன். பாராட்டுக் கடிதம் கூட ஒரு தடவை வந்தது. வீட்டில் காட்டினேன் :-)

2023 மழைக்காலத்தில் ராயகடா பக்கம் ஒரு புகார். ஹிராகண்ட் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் இறங்கி, அங்கிருந்து ஜீப். மலையும் முந்திரித் தோப்பும். அந்தப் பக்கத்து ஆதிவாசி மக்கள் பேசும் குயி, குவி இரண்டும் நம் திராவிட மொழிக் குடும்பம்தான். ஆனால் ஒரு வார்த்தை பிடிபட வேண்டுமே!

விஷயம் இதுதான். ஒரு வயதான அம்மா. இங்கே மரியாதையாக 'மாஉசி' என்பார்கள், நம்ம ஊர் சித்தி மாதிரி. உதவித்தொகை எடுக்க வந்தார். கைரேகை வைத்தார், மெஷின் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. பி.சி. பையன், "சர்வர் இல்லை, நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டான். மறுநாளும் வந்தார், மறுபடி ரேகை. மூன்றாவது நாள் பார்த்தால் கணக்கில் பணமே இல்லை. முதல் தடவையே கழிந்திருக்கிறது, கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். மாஉசிக்கு அது எப்படித் தெரியும்? "மூணு தடவை கட்டை விரல் வச்சேன், இவன் எடுத்துக்கிட்டான்" என்று ஊர் நடுவில் நின்று அழுதிருக்கிறார். பையனின் கடை மூன்று வாரம் பூட்டிக் கிடந்தது. அவன் அப்பாவிடம் யாரும் பேசவில்லை.

பையன் திருடவில்லை. பணம் திரும்பி வந்துவிட்டது, ஆனால் தாமதமாக. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு தெளிவாகச் சொல்கிறது: மைக்ரோ ஏ.டி.எம்.மில் கணக்கில் கழிந்து பணம் கைக்கு வராவிட்டால், ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு, வாடிக்கையாளர் கேட்காமலேயே. இதை அந்தப் பையன் முதல் நாளே சொல்லி, ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, கிளைக்கு ஒரு போன் போட்டிருந்தால் கதையே இல்லை.

கிளையில் உட்கார்ந்து பையனைக் கேட்டேன். "தம்பி, இது பாடத்துல இருக்கே, நீ முடிச்சிருக்கியே?" (ஒடியாவில்தான் கேட்டேன். என் ஒடியாவுக்கு அவன் சிரிக்காமல் இருந்ததே பெரிசு.)

"முடிச்சது நான் இல்ல சார். இங்க நெட்டு நிக்காது. டவுன்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிற என் மாமா பையன்தான் எல்லாருக்கும் முடிச்சுக் குடுத்தான். ஆளுக்கு ஐம்பது ரூபா."

திரும்பி வந்து பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். பதினோரு பேர் ஒரே மதியம், சில நிமிஷ இடைவெளியில் வரிசையாகப் பாடம் முடித்திருக்கிறார்கள். நேரம் போட்ட பத்தி என் கண் முன்னால்தான் இருந்தது. பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்தது, வவுச்சரைப் பார்க்காமல் லெட்ஜரில் டிக் அடிக்காதே என்று. நான் அடித்திருக்கிறேன், மாதாமாதம்.

அந்தப் பாடத்தையும் அன்றுதான் முதல்முறையாக முழுசாகத் திறந்து பார்த்தேன். ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் இருந்தது, ஒடியா இல்லை. ஜீவன் ஜோதி காப்பீட்டுக்குப் பிரீமியம் 330 ரூபாய் என்று சொன்னது. 2022 ஜூன் 1 முதல் அது 436. விபத்துக் காப்பீடு 12 ரூபாய் என்றது, அதுவும் 20 ஆகிவிட்டது. தப்பான விலையை நாங்களே சொல்லிக்கொடுத்து, அதற்குச் சான்றிதழும் கொடுத்திருக்கிறோம்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்த புதிதில் என்னை லக்னோவில் இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வகுப்பு முழுக்க ஹிந்தி. எனக்குத் தெரிந்த ஹிந்தி அப்போது 'பானி', 'கித்னா'. இரண்டு வாரமும் மற்றவர்கள் தலையாட்டும்போது நானும் ஆட்டினேன், சிரிக்கும்போது சிரித்தேன். கடைசி நாள் தேர்வில் பக்கத்து சீட் பீகார்காரர் தாளைக் கொஞ்சம் சாய்த்து வைத்தார். சான்றிதழ் இன்னும் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பாட்னா கிளையின் படே பாபு. சாயங்காலம் ஷட்டரை இறக்கிய பிறகு பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வவுச்சராக. நான் தப்பு செய்தால் உடனே சொல்ல மாட்டார், டேலி ஆகாமல் நான் முழிக்கிற வரை காத்திருப்பார்.

2024-ல் பி.சி.க்களுக்கென்று தனியாக எல்.எம்.எஸ். தேர்வு செய்ய ஒரு கமிட்டி போட்டார்கள். ராயகடா புகாரின் புண்ணியத்தில் அதில் எனக்கும் ஓர் இடம்.

விற்க வந்தவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே படத்தைத்தான் காட்டினார்கள். பாடம் முடித்தால் பதக்கம், யார் முதலிடம் என்று பட்டியல், செயற்கை நுண்ணறிவு, கலர் கலராக வட்டங்கள். மாநாட்டு அறையில் வைஃபை பிரமாதமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் என் பழைய ஆண்ட்ராய்டு போனைக் கொடுத்து, "இதில் காட்டுங்கள்" என்றேன். பாடத்தைத் திறந்ததும் ஏரோப்ளேன் மோடில் போட்டேன். ஒருவருடையது அங்கேயே நின்றது. இன்னொருவருடையது ஓடியது, ஆனால் ஒடியா கூட்டெழுத்துகள் கால் ஒரு பக்கம் கை ஒரு பக்கமாகப் பிய்ந்து வந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒடியாக்கார மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்து, உள்ளே நுழைவது எப்படி? மெயில் ஐடி கேட்டது. பி.சி.க்கு ஏது மெயில்? போன் நம்பரும் ஓ.டி.பி.யும் போதும் என்றால், நம்பர் மாறினால் பழைய படிப்புக் கணக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். பி.சி. ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போனால்? அவர் ஐ.ஐ.பி.எஃப். தேர்வு எழுதி வாங்கிய சான்றிதழ் அவருடையது, கம்பெனியுடையது இல்லை. அது ஆளோடு போக வேண்டும். கடன் வசூல் ஏஜென்டுகளுக்கும் இதே நிலைதான், அவர்களுக்கு வேறு பாடம், வேறு தேர்வு. எல்லோரையும் 'யூசர்' என்று ஒரே கூடையில் போட்டால் நாளைக்கு ஆடிட்டில் யாருக்கு எது கட்டாயம் என்று தேட முடியாது.

விலை விஷயத்தில் மட்டும் நம் மூளை கொஞ்சம் வேலை செய்தது. பெயர் பதிந்த ஒவ்வொருவருக்கும் காசு என்பது ஒரு கணக்கு. அந்த மாதம் உண்மையில் பயன்படுத்தியவருக்கு மட்டும் காசு என்பது இன்னொன்று. ஊழியர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பி.சி.க்கள் அப்படி இல்லை, வருவார்கள், போவார்கள். உதாரணத்துக்கு, ஆயிரம் பேருக்கு வாங்கி, வருஷத்தில் முன்னூறு பேர் போய் முன்னூறு பேர் வந்தால், முதல் கணக்கில் 1,300 பேருக்குப் பில் வரும். டெண்டரில் எல்-1 என்று மேலாகப் பார்த்தால் இது தெரியாது.

எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசிக் கேள்விதான். "330-ஐ 436 ஆக்க எத்தனை நாள் ஆகும்?" பெரும்பாலானவர்களின் பாடம் பின்னணிக் குரலோடு எடுத்த வீடியோ. குரல் மறுபடி பதிய வேண்டும், அதற்குத் தனி விலை, மூன்று வாரம் என்றார்கள். வங்கி விதி மாதத்துக்கு ஒன்று மாறும். படமும் எழுத்துமாக இருந்தால் எங்கள் அலுவலகத்தில் ஒருவரே பத்து நிமிஷத்தில் திருத்திவிடலாம். அழகு கம்மிதான், இருக்கட்டும்.

இன்னொரு சமாச்சாரம் அப்போதுதான் புரிந்தது. பாடங்கள் பெரும்பாலும் ஸ்கார்ம் என்ற வடிவத்தில் வருகின்றன. அதன் 1.2 பதிப்பு 2001-ல் வந்தது, இன்றும் ஓடுகிறது. பாடம் 'முடிந்தது' என்று எப்போது சொல்ல வேண்டும் என்பதைப் பாடம் தயாரிப்பவரே வைத்துக்கொள்ளலாம். எங்கள் பாடத்தில் கடைசிப் பக்கம் வந்தால் முடிந்தது. மாமா பையன் ஒன்றும் சிஸ்டத்தை உடைக்கவில்லை பாருங்கள், நாங்கள் சொன்னபடிதான் செய்திருக்கிறான்.

முடிவில் தலைமையகம் ஊழியர்களுக்குப் பழையதையே வைத்துக்கொண்டது. எங்களுக்கு இரண்டு மாவட்டத்தில் மூடில் போட்டுப் பார்க்க அனுமதி கிடைத்தது. 2002-ல் ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டோகியாமஸ் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. (பெயரைக் கேட்டதும், "சார், மூடில் இல்லையா?" என்று கேட்ட தமிழ் நண்பர்கள் மூன்று பேர். போதும்.) உரிமக் கட்டணம் இல்லை, ஆனால் சும்மா வராது. சர்வர், பராமரிக்க ஆள், ஒடியாவில் பாடம் எழுத ஆள் எல்லாம் செலவுதான். போன் செயலியில் பாடத்தை இறக்கிக்கொண்டு நெட் இல்லாமல் படிக்கலாம்.

தேர்வை மட்டும் போனில் வைக்கவில்லை. பி.சி. எப்படியும் பணம் கட்டவும் எடுக்கவும் கிளைக்கு வந்தாக வேண்டும். வருகிற அன்று, மேனேஜர் பார்வையில், பத்துக் கேள்வி. மேனேஜர்கள் என்னைத் திட்டினார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஏற்கனவே ஆள் பற்றாக்குறை. சில கிளைகளில் தேர்வு நடக்காமல் நடந்ததாக எழுதுகிறார்கள் என்றும் கேள்வி. அதற்கு என்னிடம் இன்னும் மருந்து இல்லை.

முதல் சுற்றுத் தேர்வுக்கு ராயகடாவுக்கு நானே போனேன். அதே பையன் வந்திருந்தான். ஒரு கேள்வி இப்படி: மாஉசியின் கணக்கில் கழிந்துவிட்டது, பணம் வரவில்லை, ஆறாவது நாள் வந்து நிற்கிறார், என்ன சொல்வாய்? நாலு பதில்கள் கொடுத்திருந்தோம். அவன் திரையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து ஐந்து நாள், 100 ரூபாய், சீட்டு, புகார் எண் என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டு அப்புறம்தான் விரலை வைத்தான்.

ஆனால் தேர்வில் ஃபெயில். மற்ற கேள்விகளில் போய்விட்டது. அதில் ஒன்று ஜீவன் ஜோதி பிரீமியம். 330 என்று போட்டிருந்தான். எங்கள் பழைய பாடத்தை ஒழுங்காகப் படித்த யாரிடமோ கேட்டிருக்கிறான் போல.

அந்த மாத அறிக்கையில் அந்த இரண்டு மாவட்டங்களுக்கு 61 சதவீதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மறுநாளே மும்பையிலிருந்து போன். எப்போதும் முதலிடத்தில் இருக்கும் வட்டாரம் எப்படிக் கடைசிக்குப் போனது, விளக்கம் வேண்டும் என்றார்கள். அரை மணி நேரம் விளக்கினேன், என் ஹிந்தியில். அந்தப் பக்கம் இருந்தவர் "ஹாங் ஜி, ஹாங் ஜி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.